மச்சக்காரனும் புருவக்காரியும்

கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்த முதல் ஐந்தாறு மாதத்தில் என் கணவர் என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்து எழுதினால் ஒரு போஸ்ட் கார்டுகூட நிறையாது. கோபக்காரர் என்று சொல்ல முடியாது. காலையில் சாயா கொடுத்தால் வாங்கிக்கொள்வார். "போயிட்டு வாரேன்" என்பார். சாயங்காலம் வந்ததும் குளித்துவிட்டு மலையாளப் பேப்பரை விரித்துக்கொள்வார். நான் சங்கரன்கோயில் பக்கத்துப் பெண். பத்தாவது வரை தமிழில் படித்தவள். அவர் கொச்சியிலேயே பிறந்தவர். அவருடைய அப்பா முனிசிபாலிட்டி வேலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்டவர். வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள், ஆனால் எழுத்து என்றால் அவருக்கு மலையாளம் மட்டும்தான் தெரியும். அவர் படிக்கும் பேப்பர் எனக்குப் புரியாது. என் அம்மா போடும் கடிதம் அவருக்குப் புரியாது.

அரிசி கோடவுனுக்குப் பின்னால் ஆறு வீடுகள் கொண்ட வரிசையில் எங்களுடையது ஒன்று. ஒரு அறை, தட்டி வைத்து மறைத்த அடுக்களை. குழாய் ஆறு வீட்டுக்கும் பொது. காலையில் குடத்தோடு போய் நின்றால் மற்றப் பெண்கள் நான் பேசுவதைக் கேட்டுச் சிரிப்பார்கள். கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்புதான். ஆனாலும் நான் வாயைத் திறப்பதைக் குறைத்துக்கொண்டேன். வீட்டிலும் பேச்சு இல்லை, வெளியிலும் இல்லை. அந்த வருடம் நான் எனக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவருக்கு வெலிங்டன் தீவில் ஒரு காண்டிராக்டரிடம் வேலை. துறைமுகத்துக்கு வந்து நிற்கும் கப்பல்களைக் கழுவித் துடைப்பது. காலையில் படகுத்துறை ஜெட்டியிலிருந்து போட்டில் போய், மாலையில் துருவும் எண்ணெயும் நாற வருவார். கப்பல்காரர்கள் வேண்டாமென்று போடுகிற பொருள்களில் ஏதாவது சிலநாள் கையில் இருக்கும். காலி பிஸ்கட் டின், பாதி கரைந்த சோப்பு, யாரோ கிழித்து முடித்த காலண்டர். ஒரு நாள் டெலிபோன் டைரக்டரி தடிமனில் ஒரு புத்தகம் கொண்டுவந்தார்.

"அடுப்பு பத்த வைக்க ஆகும்" என்றார்.

மட்டமான காகிதம். கொஞ்சப் பக்கங்கள் ரோஸ் நிறம், கொஞ்சப் பக்கங்கள் வெளிறிய பச்சை. ஜப்பான் எழுத்து. எல்லாம் படக்கதை. முதல் இருபது முப்பது பக்கங்களை நான் கிழித்து அடுப்பில் வைத்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் அது என்ன கதையாக இருந்திருக்கும் என்று மனது அடித்துக்கொள்கிறது. மறுநாள் கிழிக்கப் போனபோது ஒரு படம் கையை நிறுத்தியது.

ஒரு பெண், தலையில் கொண்டை, உதட்டுக்குக் கீழே மச்சம். சப்பணமிட்டு ஒரு முழங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, வயிற்றைச் சொறிந்தபடி பல் குத்துகிறாள். பக்கத்தில் தடித்த புருவத்தோடு ஒரு முரட்டு ஆள். இரண்டு முழங்காலையும் ஒட்டி வைத்து உட்கார்ந்து, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறான். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பினார். "எந்தா?"

காட்டினேன். குனிந்து பார்த்தார். பிறகு தோள் குலுங்கியது. அவருக்கு ஓரத்துப் பல் ஒன்று பாதி உடைந்திருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அது ஒரு புருஷன் பெண்டாட்டி கதை. அதைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. நாங்கள் நம் வழக்கப்படி இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டு போனோம். உடைந்து கிடந்த கிண்ணம் ஒட்டிக்கொண்டு மேசைக்கு ஏறியது. நெற்றியில் கட்டோடு இருந்தவன் கட்டு இல்லாமல் போய் அப்புறம் கதவில் இடித்துக்கொண்டான். "இவனுங்க வேற மாதிரி ஆளுங்க" என்றார் அவர். நான்தான் அந்தக் கட்டைப் பார்த்து, "இது பின்னாலேர்ந்து வருது, இப்படிப் புரட்டுங்க" என்றேன். புரட்டினார். கதை ஓட ஆரம்பித்தது.

புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடுவார்கள். சண்டையில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. இரண்டு வாயிலிருந்தும் ஒரே எழுத்துகள் கிளம்பும், அடுத்த கட்டத்தில் இடி விழும், அதற்கடுத்த கட்டத்தில் அவன் இவளுக்குள்ளும் இவள் அவனுக்குள்ளும் போயிருப்பார்கள். திரும்பவும் ஒரே வார்த்தையைச் சொன்னால்தான் மீட்சி. ஆனால் இரண்டு பேர் வேண்டுமென்றே ஒரே வார்த்தை சொல்ல நினைத்தால் வருமா? அதுதான் முழுக் கதையும். அதற்குள் அவள் அவனுடைய ஆபீசுக்குப் போக வேண்டும், அவன் அவளுடைய மாமியாரை, அதாவது தன் சொந்த அம்மாவை, சமாளிக்க வேண்டும். தன் அம்மா எப்படிப்பட்டவள் என்று மருமகளாக நின்று அவன் முதல்முதலில் பார்க்கிற இடத்தில் என் கணவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார்.

ஏன் அவ்வளவு சிரித்தோம் என்று பின்னாளில் நிறைய யோசித்திருக்கிறேன். ஆண் சேலை கட்டி வந்தால் சிரிப்பது எங்கள் ஊர்க் கோயில் கொடையிலும் உண்டு. அது வேறு. இதில் யாரும் வேஷம் போடுவதில்லை. முகத்தை வைத்து ஆளை அறிய முடியாது, உட்காருவதை வைத்துத்தான் அறிய வேண்டும். கதவைத் திறக்கிற விதம், செருப்பைக் கழற்றுகிற விதம், சோற்றுக் கிண்ணத்தை யாருக்காகவும் காத்திராமல் முதலில் எடுத்துக்கொள்கிற விதம். நாம் ஆண், பெண் என்று நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி இந்த மாதிரிச் சின்னப் பழக்கங்கள்தான் என்பதை, படம் வரைந்தவர் எவரோ கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்திருக்கிறார். அதோடு, அசடு வழிவது ஒருவர் மட்டுமில்லை. அவனும் மாட்டிக்கொள்கிறான், அவளும் மாட்டிக்கொள்கிறாள். சரிசமமான மானக்கேடு. இதை நான் அப்போதே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

பேர் வைத்தோம். அவன் புருவக்காரன், அவள் மச்சக்காரி. மாறிப்போனால் என்ன சொல்வது? அவளுடைய உடம்பில் இருக்கிற அவன் புருவக்காரி. அவனுடைய உடம்பில் இருக்கிற அவள் மச்சக்காரன். அதற்கப்புறமும் தகராறு தீரவில்லை.

"புருவக்காரி வந்தான்னு சொல்லணுமா, வந்தாள்னு சொல்லணுமா?" என்று நான் கேட்டேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "மலையாளத்தில இந்தத் தொல்லையே இல்ல. ஆணானாலும் வந்நு, பெண்ணானாலும் வந்நு."

"அப்ப வந்நுன்னே சொல்லுங்க."

"புருவக்காரி வந்நு" என்றார். அதிலிருந்து எங்கள் கதையில் எல்லோரும் வந்நு, போயி, சாப்பிட்டு. எனக்கு மலையாளம் வந்ததே இப்படித்தான்.

மாதத்துக்கு ஒன்றிரண்டு புத்தகம் வரும். எல்லாவற்றிலும் அந்தக் கதை இருக்காது. இருந்தாலும் நடுவில் பல வாரங்கள் விட்டுப்போயிருக்கும். விட்டுப்போனதை நாங்களே பேசி நிரப்பினோம். ஆரம்பத்தில் அவர் அவனாகவும் நான் அவளாகவும் பேசினோம். அதில் சுவை இல்லை. ஒரு நாள் நான் புருவக்காரனை எடுத்துக்கொண்டேன். கால்மேல் கால் போட்டு, குரலைத் தடித்து, "எடீ! சாயா எவிடே?" என்றேன். கட்டிய புருஷனை, 'அடியே, சாயா எங்கே' என்று அதட்டியதும் எனக்கே உடம்பு சிலிர்த்தது. அவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, என்னுடைய தெற்கத்திப் பேச்சிலேயே, "இந்தா வாரேங்க, ஏன் இப்படிக் கத்துதிய?" என்றார். நான் பேசுவதை அவ்வளவு கவனித்திருக்கிறார் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

அந்த விளையாட்டில்தான் நாங்கள் புருஷன் பெண்டாட்டி ஆனோம். நேராகச் சொல்ல முடியாததையெல்லாம் இன்னொருவர் குரலில் சொல்ல முடிந்தது. ஒரு நாள் மச்சக்காரியாகப் பேசிக்கொண்டே போனவர், "நான் சாப்பிட்டேனான்னு ஒரு நாளாவது கேட்டிருக்கியளா?" என்றார். படத்தில் அப்படி ஒன்றும் இல்லை. நான் அவரிடம் ஒருபோதும் சொல்லாத குறை அது. பதிலுக்கு நான் புருவக்காரனாக, "கப்பல்ல நாள் பூரா ஒருத்தன் திட்டுறதக் கேட்டுட்டு வாரேன், வீட்டுல எங்கிட்டுப் போய்ப் பேச?" என்றேன். அவர் முகம் மாறிப்போனது. "அது உனக்கு யாரு சொன்னா?" என்று தன் சொந்தக் குரலில் கேட்டார். யாரும் சொல்லவில்லை. அவர் வந்து செருப்பைக் கழற்றுகிற விதத்தில் தெரிந்தது.

இப்படி இரண்டு வருடத்துக்கு மேல் போனது. அதைக் கெடுத்தவள் நான்.

பள்ளுருத்தியில் அவருடைய அண்ணன் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினார். சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து பெண்கள் உள்ளறையில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு அதுவரை குழந்தை இல்லை. ஒரு பெரியம்மா, "ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்குறதாவது உண்டா? அவன் வாயத் திறக்க மாட்டானே" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் எவ்வளவு சிரிப்பு என்று இவர்களுக்குத் தெரியட்டும் என்று தோன்றியது. இன்னொன்றும் உண்மை. அந்த ஊரில் முதல்முறையாக ஒரு அறை நிறையப் பெண்கள் நான் பேசுவதைக் கேட்கக் காத்திருந்தார்கள்.

"அவரா பேச மாட்டாரு? வீட்டுல வந்து பாருங்க, பொம்பள மாதிரில்லா பேசுவாரு!" என்று ஆரம்பித்தேன். எழுந்து நின்று நடித்தும் காட்டினேன். முழங்காலை ஒட்டி வைத்து, முந்தானையால் வாயைப் பொத்தி, "இந்தா வாரேங்க" என்று இழுத்தேன். மச்சக்காரி என்று பேர் வைத்திருப்பதையும் சொன்னேன். அறையே விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணன் பெண்டாட்டி, என் மைனிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்புச் சத்தம் கேட்டு ஆண்கள் வாசலுக்கு வந்தார்கள். என்னவென்று கேட்டவர்களுக்கு மைனியே திருப்பிச் சொன்னாள். அவர்களுக்குப் பின்னால் என் கணவர் பாயசத் தூக்கோடு நின்றுகொண்டிருந்தார்.

அவரும் சிரித்தார். அதனால் நான் பயப்படவில்லை.

நான் கால்மேல் கால் போட்டு அவரை "எடீ" என்று அதட்டியதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. மறந்துபோய் விட்டுவிட்டேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. அதைச் சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்று நாக்கு தானாகவே அந்தப் பாதியைத் தாண்டிப் போனது. கதையில் இரண்டு பேரும் மாறுவார்கள். நான் சொன்னதில் அவர் மட்டும் மாறினார்.

அண்ணன் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார். "எடீ மச்சக்காரி, இலை எடுக்கான் வாடீ." என் கணவருடைய கப்பல் கூட்டத்தில் இரண்டு பேர் பள்ளுருத்திக்காரர்கள். அந்தப் பேர் போட்டில் ஏறி வெலிங்டன் தீவுக்கும் போய்விட்டது. அங்கே எப்படிக் கூப்பிட்டார்கள், என்னவெல்லாம் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை. ஜெட்டியில் அவருக்காகக் காத்து நின்ற ஒரு சாயங்காலம், போட்டிலிருந்து இறங்கிய ஒருவன் உதட்டுக்குக் கீழே விரலை வைத்து மச்சம் காட்டிவிட்டு அவரைப் பார்த்துக் கண்ணடித்தான். அவர் என்னைப் பார்க்காதது போல நேராக நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

அதற்குப் பிறகு புத்தகம் வரவில்லை.

"ஏன் இப்ப ஒண்ணும் கொண்டு வாரதில்ல?" என்று கேட்டேன்.

"ஜப்பான் கப்பல் வரல்ல."

நம்பினேன். ஒரு மாதம் கழித்துப் பஜாரில் பழைய பேப்பர் கடையைத் தாண்டிப் போகும்போது தராசில் அதே தடிப் புத்தகங்கள் ஏழெட்டு அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். கப்பல் வந்துகொண்டுதான் இருந்தது.

அன்றைக்கே சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். அவர் குளித்துவிட்டு வந்ததும் வீட்டில் மிச்சமிருந்த பழைய புத்தகம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, கால்மேல் கால் போட்டு, "எடீ, சாயா எவிடே?" என்றேன்.

"மதி" என்றார். போதும் என்று அர்த்தம். குரலை உயர்த்தவில்லை.

அந்த இடத்தில் நான் அழுதிருக்கலாம், மன்னிப்புக் கேட்டிருக்கலாம். எனக்கு வந்தது கோபம். "ஒரு பேச்சுக்குச் சிரிச்சதுக்கா இவ்வளவு? ஆம்பளதான நீங்க, தாங்கிக்கிட மாட்டியளா?" என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை. அவர் என்னோடு ஆம்பளை, பொம்பளை என்ற கணக்கை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தவர். அதை வைத்தே அடித்தேன்.

மறு வருடம் கப்பல் வேலையை விட்டார். முழங்கால் வலி என்றார். அரிசி கோடவுனில் மூட்டை எடுத்து வைக்கும் வேலைக்குப் போனார். முழங்கால் வலிக்காரர் யாரும் போகிற வேலை இல்லை அது. மகள் பிறந்தாள். வாழ்க்கை ஓடியது. அவர் கெட்ட புருஷன் என்று யாரும் சொல்ல முடியாது. காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தருவார். மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடல் பார்க்கப் போவார். என்னோடு பேசவும் செய்தார். அரிசி விலை, மகளுடைய பள்ளிக்கூடம், குழாய்த் தண்ணீர். எல்லாம் அவருடைய ஒரே குரலில்.

மகள் எட்டாவது படிக்கும்போது கூடப் படிக்கிற பெண்ணிடமிருந்து ஒரு புத்தகம் வாங்கி வந்தாள். சின்னப் புத்தகம், இங்கிலீஷ் எழுத்து. கட்டிலில் கவிழ்ந்து கிடந்து படித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவர் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னடி அது?" என்றேன்.

"மங்கா."

"மாங்காயா?"

"ஐயோ அம்மா, ஜப்பான் கதை. ஒரு பையன் காலம்பற எழுந்து நோக்கினா பொண்ணாயிட்டான். உங்களுக்கு மனசிலாவாது."

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கோடுகள் வேறு மாதிரி, கண்கள் பெரிதாக, பக்கங்கள் வெள்ளையாக. ஆனால் பள்ளிக்கூடப் பெஞ்சில் நாலு பெண்கள் உட்கார்ந்திருந்த ஒரு படத்தில் எந்தப் பெண் அந்தப் பையன் என்று மகள் சொல்வதற்கு முன்பே விரலை வைத்துவிட்டேன். "முழங்காலப் பாரு" என்றேன். மகள் ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தாள். "அம்மைக்கு எங்ஙன தெரிஞ்சு?"

நான் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, கடைக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பினார். கடையில் வாங்க எதுவும் இல்லை. வெறும் கையோடு திரும்பி வந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் டியூஷன் போயிருந்தாள். அவர் வீட்டுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து மத்தி மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பதினாலு பதினஞ்சு வருடமாகச் சொல்லாததை எப்படி ஆரம்பிப்பது?

"பள்ளுருத்தியில அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன்.

கத்தி நிற்கவில்லை. "அதொக்கெ போகட்டே. நீ பொய்யொண்ணும் சொல்லல்லல்லோ."

"பாதியத்தான சொன்னேன். நான் உங்கள அதட்டுனதச் சொல்லலியே."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார். "சிரிச்சது போகட்டே. வாசல்ல நின்னு கேக்கும்போ, இப்ப சொல்லுவா, இப்ப சொல்லுவான்னு நெனச்சேன்."

மீனைக் கழுவ எழுந்து போய்விட்டார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அண்ணனுடைய மூத்த மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தபோது மனதைத் திடப்படுத்திக்கொண்டு போனேன். அதே வீடு, அதே உள்ளறை. பெரியம்மா இப்போது இல்லை. மற்றவர்கள் பலரும் இருந்தார்கள். பந்தி முடிந்து ஆண்களும் வாசலில் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து, மைனியிடம் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னேன்: "பால் காய்ச்சுன அன்னைக்கு இவர் பொம்பள மாதிரிப் பேசுவாருன்னு சொன்னேன்லா மைனி? நான் ஆம்பள மாதிரிப் பேசுவேன். கால்மேல் கால் போட்டுக்கிட்டு இவர 'எடீ'ன்னு கூப்பிடுவேன். நான்தான் மொதல்ல ஆரம்பிச்சேன்."

மைனி குழப்பத்தோடு என்னைப் பார்த்தாள். "எந்தக் கதைடி? எப்பச் சொன்னே?"

"மச்சக்காரின்னு பேரு வந்ததே அதுலதான மைனி."

வாசலிலிருந்து அண்ணன் குறுக்கே பேசினார். "அதா? அவன சின்னப் பிள்ளையிலேருந்து அங்ஙனதானே விளிக்குது. நம்ம அம்மை வச்ச பேராக்கும்." தம்பியின் முதுகில் தட்டினார். "எடீ மச்சக்காரி, அல்லே?"

என் கணவர் ஆமாம் என்பது போலத் தலையாட்டினார். மைனி பூத்தட்டைத் தேடிக்கொண்டு எழுந்து போனாள். ஒரு சின்னப் பெண் மட்டும் மரியாதைக்காக என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. மகள் முன்னால் போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். பஸ் தோப்பும்படி ஸ்டாப்பைத் தாண்டியது. அவர், "வெறுதே எதுக்கு அது பறஞ்சே?" என்று கேட்டார்.

"மனசு கேக்கல."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "சாம்பார்ல உப்பு கூடிப் போச்சு, இல்லே?" என்றார்.

"ஆமா, கூடிப் போச்சு" என்றேன்.